கதைகளில் வரும் குறையுள்ள குருமார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதந்தோறும் போயா விடுமுறையன்று கூடுகிறது. சைவர்கள் வருகிறார்கள், கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் வருகிறார்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் முஸ்லிம்கள் பஸ் ஏறி வருகிறார்கள், எதையும் நம்பாத சிலரும் வருகிறார்கள். கதையில் ஒரு சாமியாரோ பாதரோ மௌலவியோ சறுக்கிவிட்டால் அன்றைய கூட்டம் நேரத்துக்கு முடிவதில்லை. ஒரே சந்தேகங்கள்தான் வேறு வேறு வாய்களில் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குத் தொண்டை இடம் கொடுக்காததால் இங்கே எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை, வட்டத்தின் தீர்மானங்கள் அல்ல. கதைகளின் முடிவுகளையும் சொல்லித்தான் பேசுகிறேன். அது பிடிக்காதவர்கள் நூல்களை முடித்துவிட்டு வாருங்கள்.

ரீச்சர், சாமியார் கெட்டவராக வரும் கதையை வாசிப்பது பாவமில்லையா?

பாவம் என்றால் திருக்குறளையும் பூட்டிவைக்க வேண்டியிருக்கும். 28ஆவது அதிகாரமான கூடாவொழுக்கம் முழுவதும் போலித் துறவிகளைப் பற்றியதுதான். வஞ்சக மனத்தவனின் பொய்யொழுக்கத்தைக் கண்டு அவன் உடம்பிலுள்ள ஐந்து பூதங்களும் உள்ளுக்குள் சிரிக்கும் என்கிறார் வள்ளுவர். மனவலிமை இல்லாதவன் பூணும் தவவேடத்தைப் புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசு என்கிறார். திருமூலர் 'அவவேடம்' என்று தனித் தலைப்பே வைத்துப் பாடியிருக்கிறார். குருட்டை நீக்காத குருவைப் பிடித்தவர்கள் அவரோடு சேர்ந்து குழியில் விழுவார்கள் என்று வேறோரிடத்தில் சொல்கிறார். குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் இதேதான்.

விவிலியத்தில் குரு ஏலியின் மகன்மார் பலிக்காக வந்த இறைச்சியைப் பறித்துத் தின்கிறார்கள். அப்போஸ்தலர்களின் தலைவரான இராயப்பர் (பேதுரு), சேவல் கூவுமுன் தன் குருவை மூன்று முறை மறுதலிக்கிறார். பக்தி நூல்களே மறைக்காததை நாவலாசிரியர் மட்டும் மறைக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இப்படிக் குருமாரைக் கேலி செய்து எழுதுவது வெள்ளைக்காரனிடமிருந்து வந்த பழக்கம் அல்லவா?

அல்ல. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்ற அரசனே 'மத்தவிலாச பிரகசனம்' என்ற சமஸ்கிருத அங்கத நாடகத்தை எழுதியிருக்கிறான். குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகன் என்ற சைவத் துறவி ஒருவன் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறான். எதிரே வந்த பௌத்த பிக்குவின்மேல் பழி விழுகிறது. அந்தப் பிக்குவோ, இவ்வளவு கருணையுள்ள புத்தர் மதுவையும் பெண்களையும் நிச்சயமாக அனுமதித்திருப்பார், பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள்தான் அந்தப் பகுதியை ஒளித்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டு வருகிறவர். கிண்ணத்தைக் கொண்டுபோனது ஒரு நாய். சைவனுக்கும் பௌத்தனுக்கும் சமமாக அடி விழுகிறது. இன்று எழுதினால் எத்தனை பேர் மனுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கேலி இல்லாமல் எழுதியதற்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் சமணத் துறவி கவுந்தியடிகள், வழியில் நண்டும் நத்தையும் காலில் மிதிபட்டுவிடக் கூடாது என்று எச்சரிக்கிறவர். அதே காதையில், கண்ணகியை எள்ளிப் பேசிய இருவரை முள்காட்டில் நரிகளாகத் திரியும்படி அவரே சபித்துவிடுகிறார். நண்டுக்கு இரங்கிய மனம் மனிதர்மேல் நெருப்பாகிறது. கோவலனும் கண்ணகியும் மன்றாடிய பிறகே அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைக்கிறார். இளங்கோ இதை ஒரு வார்த்தையிலும் கண்டிக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

வெள்ளைக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு அலையும் அந்த அசட்டுக் குருவைப் படைத்தவர், தாமே சீடர்களை வைத்திருந்த ஒருவர். அதில் தன்மேல் வைத்த கேலியும் கொஞ்சம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறையுள்ள குரு, போலிக் குரு, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. போலி தான் நடிக்கிறோம் என்று அறிந்தே நடிக்கிறவன். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் தார்த்துஃப் அந்த வகை. பக்திமானாக நடித்து ஒரு வீட்டையே விழுங்கப் பார்க்கிறவன். 1664இல் அரசன் முன்னிலையில் அரங்கேறிய அந்த நாடகம் பொதுமக்கள் முன் ஆடத் தடை செய்யப்பட்டு, 1669இல்தான் விடுபட்டது. குறையுள்ள குரு தான் சொல்வதை நம்புகிறவர், ஆனால் அந்த அளவுக்குத் தன்னால் வாழ முடியவில்லை என்று இரவில் விழித்திருக்கிறவர்.

என்னைக் கேட்டால், போலியின் வேடத்தைக் கிழிக்கும் கதை ஒருமுறை வாசிக்கத்தான் உதவும். வேடம் கிழிந்ததும் கதை முடிந்துவிடுகிறது. நம்பிக்கையும் பலவீனமும் ஒரே உடம்பில் குடியிருக்கும் கதைக்குத்தான் மறுபடி போகிறோம். போலியாகத் தொடங்கி மெய்யாகிவிடுகிறவரும் உண்டு, மெய்யாகத் தொடங்கிப் புகழால் போலியாகிவிடுகிறவரும் உண்டு. கீழே இருவரும் வருகிறார்கள்.

'தி கைட்' நாவலின் ராஜு ஏமாற்றுக்காரன்தானே? அவனை ஏன் குரு என்கிறீர்கள்?

நான் சொல்லவில்லை, வேலன் சொல்கிறான். ஆர். கே. நாராயண் 1958இல் வெளியிட்ட இந்த நாவலில் ராஜு ஒரு சுற்றுலா வழிகாட்டி. கள்ளக் கையெழுத்துப் போட்டுச் சிறைக்குப் போய், வெளியே வந்து போக்கிடம் இல்லாமல் ஆற்றங்கரையில் பாழடைந்த கோயிலில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்த வேலன் என்ற கிராமத்தான் கும்பிடுகிறான். சாப்பாடு வருகிறது. ராஜு மறுக்கவில்லை. அவன் செய்த முதல் மோசடி அவ்வளவுதான், மறுக்காமல் இருந்தது.

பிறகு வறட்சி வருகிறது, ஊருக்குள் சண்டை மூள்கிறது. சண்டையை நிறுத்தாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று ராஜு சொல்லி அனுப்புகிறான். செய்தி கொண்டுபோன அப்பாவி, மழை பெய்யும்வரை சாமி சாப்பிட மாட்டார் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். ஊரே திரண்டு காலில் விழுகிறது. தப்பிக்க ராஜு தன் முழுக் கதையையும் வேலனிடம் சொல்கிறான், சிறைக்குப் போனது உட்பட. வேலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போதும் 'சாமி' என்றே அழைக்கிறான். அதற்குப் பிறகு ராஜு உண்மையாகவே பட்டினி கிடக்கிறான், வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கு இலாபமில்லாத ஒரு காரியத்தை முழுமனதோடு செய்கிறான். குருவை அடியார்கள் செய்துவிட்டார்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் சொல்வது, ராஜுவைப் பார்ப்பதை விட்டு வேலனைப் பாருங்கள்.

கடைசியில் மழை பெய்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மலையில் மழை பெய்கிறது, காலடியில் அது ஏறி வருவது தெரிகிறது என்று சொல்லியபடி ராஜு ஆற்றுக்குள் சரிகிறான். நாவல் அங்கே நிற்கிறது. 1965இல் வந்த இந்தித் திரைப்படத்தில் பெய்கிறது. நாராயணுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை.

குடிகாரப் பாதர் வைத்த பூசை செல்லுமா?

கிரகாம் கிரீனின் 'தி பவர் அண்ட் த குளோரி' (1940) வாசித்தவர்கள் கேட்பது இது. மெக்சிகோவில் திருச்சபை ஒடுக்கப்பட்ட 1930களில் நடக்கும் கதை. எல்லாக் குருமாரும் ஓடிவிட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள், அல்லது அரசு சொன்னபடி கலியாணம் செய்துகொண்டார்கள். எஞ்சியிருப்பவர் ஒருவர். அவருக்குப் பெயர்கூட இல்லை. குடிக்கிறார், ஒரு மகளும் இருக்கிறாள். ஆனாலும் இரவில் ஊர் ஊராகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கிறார், பூசை வைக்கிறார்.

கத்தோலிக்கப் போதனைப்படி செல்லும். இந்தச் சண்டை நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளிலேயே வட ஆபிரிக்காவில் நடந்து முடிந்தது. உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனையில் பயந்துபோய் வேதப் புத்தகங்களை ஒப்படைத்த குருமாரும் ஆயர்களும் வழங்கும் திருவருட்சாதனங்கள் (பூசை, ஞானஸ்நானம் போன்ற சடங்குகள்) செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள் என்ற பிரிவினர். செல்லும், அவற்றின் பலன் கொடுப்பவரின் தூய்மையில் தங்கியில்லை என்று வாதாடியவர் புனித அகுஸ்தீன். கிரீனின் நாவல் முழுவதும் இந்தக் கோட்பாட்டின்மேல்தான் நிற்கிறது. தன் கையால் பிறருக்குக் கடவுளைக் கொடுக்க முடிகிறது, தனக்குத்தான் மன்னிப்புக் கிடைக்காது என்பதே அந்தப் பாதரின் நரகம். கோட்பாடு தெரியாமல் வாசித்தால் அவர் வெறும் குடிகாரராகத்தான் தெரிவார்.

சைவத்தில் அப்படி ஒன்று உண்டா?

சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் 'வேடமும் ஆலயந் தானும் அரனெனத் தொழுமே' என்கிறது. அங்கே சொல்லப்படுவது ஆணவம் முதலிய மலங்கள் நீங்கிய மெய்யடியாரின் திருவேடம். ஆனால் வேடத்துக்குள் இருப்பவர் மெய்யடியாரா என்று கும்பிடுகிறவர் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா? அந்தச் சிக்கலின் உச்சிதான் மெய்ப்பொருள் நாயனார் கதை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

மெய்ப்பொருள் நாயனார் கதையை வாசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொலைகாரனை ஏன் காப்பாற்றி அனுப்ப வேண்டும்?

கோபம் வரட்டும், சேக்கிழாரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். அரசரான மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து, அரிய ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி அரசனின் அந்தரங்க அறைவரை போய்விடுகிறான். 'மைபொதி விளக்கு' என்று அவனைச் சொல்கிறார் சேக்கிழார், வெளியே ஒளி, உள்ளே கரி. அரசன் அவனை மேலே இருத்தித் தான் கீழே அமர்கிறான். குத்துப்பட்ட பிறகும், வாளோடு பாய்ந்த தத்தன் என்ற காவலனைத் 'தத்தா நமர்' என்று தடுக்கிறான். இவர் நம்மவர் என்று பொருள். அந்தக் கொலைகாரனை ஊர் எல்லை கடத்திவிட்டு வரும்படி தத்தனையே அனுப்புகிறான்.

வழியெல்லாம் மக்கள் அவனைக் கொல்லத் துடிக்கிறார்கள். தத்தன் ஒவ்வொருவருக்கும் அரசன் ஆணையைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போகிறான். உங்கள் கோபம் அந்தக் கூட்டத்தின் கோபம்தான், அதற்குக் காவியத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் அரசனைவிடத் தத்தனே பெரியவன். அரசன் தான் நம்பியதைச் செய்தான். தத்தன் தனக்கு உடன்பாடில்லாததைக் கடைசி அடிவரை செய்தான். முத்தநாதனை நல்லவன் என்று பெரியபுராணம் எங்கும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வேடத்தை வணங்கியதால் உள்ளிருந்த ஆளுக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்துவிடவில்லை. இதை மறந்துவிட்டு, குரு என்ன செய்தாலும் கேட்கக் கூடாது என்பதற்கு இந்தக் கதையை மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும்.

எழுத்தாளர் சமயத்தை இழிவுபடுத்துகிறாரா, உண்மையைத்தான் எழுதுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குருவை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். அவரைச் சுற்றியிருக்கும் அடியார்களை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். மட்டமான கதையில் பக்தர்களுக்கு முகமே இருக்காது. உண்டியலில் காசு போடுவார்கள், காலில் விழுவார்கள், கடைசியில் வேடம் கலைந்ததும் கல்லெறிவார்கள். அப்படி எழுதுகிறவருக்குச் சாமியார்மேல் மட்டுமல்ல, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் ஒவ்வொருவர்மேலும் இளக்காரம் இருக்கிறது. வேலனைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நாராயண் அவனை முட்டாளாக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும் வணங்குவது அவன் எடுத்த முடிவு.

இன்னொன்று, எழுத்தாளருக்கு அந்தத் தொழில் தெரியுமா? கதையில் வரும் ஐயர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், நைவேத்தியம் யார் சமைக்கிறார்கள், மழைநாளில் ஈர வேட்டியோடு எத்தனை கால பூசை செய்கிறார், மரண வீட்டில் அவருக்கு எந்த வார்த்தை வாயில் வராமல் போகிறது? இவை ஒன்றும் இல்லாமல் காலையிலிருந்து மாலைவரை ஏமாற்றிக்கொண்டே இருக்கும் சாமியார் என்றால், எழுதியவர் கோயிலுக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

ஏன் எப்போதும் பெண் விடயத்தில்தான் விழுகிறார்கள்? வேறு குற்றமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது எழுதச் சுலபம், விற்கவும் சுலபம். நல்ல கதைகளில் அது முதற்குற்றமாக இருப்பதில்லை. டால்ஸ்டாய் இறந்தபின் 1911இல் வெளியான 'ஃபாதர் செர்ஜியஸ்' கதையில், துறவி ஒரு பெண்ணின் ஆசைவலையிலிருந்து தப்பத் தன் விரலையே கோடரியால் வெட்டிக்கொள்கிறார். அதனால் அவர் புகழ் பரவுகிறது, நோய் தீர்க்கும் மகான் என்று கூட்டம் வருகிறது. அந்தப் புகழில் ஊறிப்போன பிறகுதான் வேறொரு பெண்ணிடம் வெகு எளிதாக விழுகிறார். உண்மையில் அவர் விழுந்தது முன்னரே, மனிதர்களின் மெச்சுதலைக் கடவுளின் இடத்தில் வைத்த அன்று.

கன்னட எழுத்தாளர் யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' (1965) நாவலில் பிராணேஷாச்சாரியர் நோயாளியான மனைவிக்கு ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்கிறார். அதைத் தன் புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். இறந்துபோன நாரணப்பா என்ற பிராமணனோடு வாழ்ந்த சந்திரி என்ற பெண்ணோடு அவருக்குக் காட்டில் நேர்ந்ததைவிட இந்தக் கணக்குத்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கவுந்தியடிகளுக்குக் கோபம், விசுவாமித்திரருக்குக் கோபமும் போட்டியும், ஏலிக்குப் பிள்ளைகளைக் கண்டிக்க முடியாத தளர்ச்சி, கிரீனின் நாவலில் கலியாணம் செய்துகொண்ட இன்னொரு குருவான ஹோசேக்குக் கோழைத்தனம். இருபது வருடமாக ஒரே பிரசங்கத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் சோம்பேறிக் குருவைப் பற்றி யாராவது நல்ல நாவல் எழுதினால் நான் முன்பணம் கட்டி வாங்குவேன்.

பெண் துறவிகளைப் பற்றி ஏன் இப்படிக் கதைகள் குறைவு?

அதிகாரம் அவர்கள் கையில் குறைவாக இருந்ததால். விழுவதற்கு முதலில் ஒரு மேடை வேண்டும். கவுந்தி விதிவிலக்கு. கோவலன் கொலையுண்டதை அறிந்ததும் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்று பின்னொரு காதையில் மாடலன் சொல்கிறான். அழைத்துவந்தவர் தாம்தானே என்ற பாரத்தை அந்த நோன்பில் காண்பது என்னுடைய வாசிப்பு.

எனக்குக் கிரீனின் அந்தப் பாதரைப் பிடித்துவிட்டது. தவறு செய்தவரைப் பிடிப்பது தவறா?

தவறில்லை. குறையே இல்லாத ஒருவர் பக்கத்தில் நமக்கு உட்கார இடமில்லை. ஆனால் எதற்காகப் பிடித்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தப்பி ஓட வழியிருந்தும், பொறி என்று சந்தேகப்பட்டும், சாகக் கிடக்கும் ஒரு கொள்ளைக்காரனின் பாவசங்கீர்த்தனத்துக்காக அவர் திரும்பிப் போகிறாரே, அதற்காக என்றால் சரி. 'அவரே குடிக்கும்போது நான் குடித்தால் என்ன' என்ற ஆறுதலுக்காக என்றால், உங்களுக்குப் பிடித்தது பாதரை அல்ல, போத்தலை.

வேறு சமயத்தவர் எங்கள் குருமாரைப் பற்றி எழுதலாமா?

இந்த ஊரில் இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. கோணேசர் கோயிலும் மரியன்னை பேராலயமும் பள்ளிவாசல்களும் விகாரையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, ஒன்றைப் பற்றிச் சொன்ன வார்த்தை மாலைக்குள் மற்றதன் வாசலுக்குப் போய்விடும். கூட்டத்தில் நான் கண்டது, பிறர் குரு விழும்போது எல்லோருக்கும் நகைச்சுவை உணர்வு பெருகுகிறது, தன் குரு விழும்போது 'எழுத்தாளருக்குப் பொறுப்பு வேண்டாமா' என்ற கேள்வி பிறக்கிறது. அதனால் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். எந்தக் கதையானாலும் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்தான் முதலில் பேச வேண்டும், மற்றவர்கள் பிறகு.

எழுதத் தடையில்லை என்பது என் கட்சி. ஆனால் ஆழமாக எழுதியவர்களில் பெரும்பாலோர் உள்ளிருந்தவர்கள். கிரீன் 1926இல் கத்தோலிக்கரானவர். அனந்தமூர்த்தி தாம் எழுதிய மாத்வப் பிராமண சமூகத்திலேயே பிறந்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் தங்ஙளை, அதாவது முஸ்லிம் சமயப் பெரியவரை, எழுதிய தோப்பில் முஹம்மது மீரான், தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம். உள்ளே இருந்தும் அடி வாங்காமல் இருக்கவில்லை. டால்ஸ்டாயை உருசியத் திருச்சபை 1901இல் விலக்கிவைத்தது. 'சம்ஸ்காரா' 1970இல் படமானபோது சென்னைத் தணிக்கைக் குழு முதலில் தடுத்தது, பிறகு அதே படம் இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நம் நாட்டில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1973இல் சித்தார்த்தரின் வாழ்க்கையை 'பவதரணய' என்ற நாவலாக எழுதியபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். கிரீனின் நாவலையும் 1950களில் வத்திக்கான் கண்டித்தது. 1965இல் அவரைச் சந்தித்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், உங்கள் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொன்னதாகக் கிரீனே கூறியிருக்கிறார்.

எங்கள் ஊர் எழுத்தாளர் யாராவது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்களா?

ஈழத்தின் ஆரம்ப நாவல்களில் இரண்டு திருகோணமலைக்காரர் எழுதியவை. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிறது, அது நாயக்கர் காலத்துக் காதல் கதை. நம் பேச்சுக்கு நெருக்கமானது அதற்கு முந்தியது, எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891). காட்டில் கரடி வளர்த்த ஒருவனும் அரண்மனையில் வளர்ந்த அவன் இரட்டைச் சகோதரனும் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையின் தழுவல் அது. அந்த ஐரோப்பியக் கதையில் எல்லாத் துன்பத்துக்கும் வேர் ஒரு தலைமைக் குரு. பேரரசியை அடைய முயன்று மறுக்கப்பட்டு, அவள்மேல் வீண்பழி சுமத்தி நாடு கடத்த வைக்கிறவர். ஆக, தீய குரு தொடங்கிவைத்த ஒரு கதையோடுதான் நம் ஊர் நாவல் உலகுக்குள் நுழைகிறது.

பேப்பரில் உண்மையான குற்றச் செய்தி வரும் காலத்தில் இந்தக் கதைகளை ரசிப்பது சரியா?

இது கடினமான கேள்வி. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை விழுந்தவரின் மனத்துக்குள்ளேயே நம்மை உட்கார வைக்கின்றன. அவர் அழுகிறார், நாமும் அழுகிறோம். மற்ற ஆள் எங்கே? செர்ஜியஸிடம் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டவள் மனவளர்ச்சி குறைந்த ஒரு வணிகரின் மகள். அவர் மறுநாள் விடியுமுன் தலைமயிரை வெட்டிக்கொண்டு போய்விடுகிறார், கதையும் அவர் பின்னாலேயே போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று டால்ஸ்டாய் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய எழுத்தாளரிடம் அது ஒரு குறை என்று நான் துணிந்து சொல்வேன்.

அனந்தமூர்த்தி கொஞ்சம் மேல். அக்கிரகாரத்துப் பிராமணர்கள் நாரணப்பாவுக்கு யார் கொள்ளி வைப்பது என்று சாத்திரம் புரட்டிக்கொண்டிருக்கும்போது, சந்திரி ஒரு முஸ்லிமின் உதவியோடு பிணத்தை எரித்துவிட்டுப் போய்விடுகிறாள். ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில் குருவின் பாவம் மறைந்திருக்க, அதே பாவத்தின் அடையாளத்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊருக்குள் நடப்பவள் ஹெஸ்டர். இப்படி மற்ற ஆளுக்கும் உயிர் கொடுத்த கதைகளை, செய்திகள் நெஞ்சை அழுத்தும் நாட்களிலும் என்னால் வாசிக்க முடிகிறது. மற்றவற்றை மூடிவைத்துவிடுகிறேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பரமார்த்த குருவைப் பத்து வயதிலேயே கொடுங்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் கண்டதில்லை. 'தி கைட்' உயர்தர வகுப்புக்கு. 'சம்ஸ்காரா' அதற்கும் பிறகு.

எங்கள் கோயில் நிர்வாகசபைச் சண்டையை வைத்து நானே ஒரு கதை எழுதலாமா, ரீச்சர்?

எழுதுங்கள், ஆனால் சண்டை ஆறிய பிறகு. சூட்டோடு எழுதினால் அது புகார் மனுவாகத்தான் வரும், எங்கள் வட்டத்திலும் இருக்கிற ஆட்களின் பெயர் சொல்லிப் பேச இடமில்லை. எழுதி முடித்ததும், உங்களுக்குப் பிடிக்காத அந்தத் தர்மகர்த்தாவுக்கு ஒரு நல்ல காரியத்தைக் கொடுத்துப் பாருங்கள். உண்மையில் அவர் செய்த ஒன்றாகவே இருக்கட்டும். அதைச் சேர்த்த பிறகும் கதை நின்றால் கொண்டு வாருங்கள், வாசிப்போம்.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவரே பின்னர் தவறிவிட்டார். கதையில் வருபவரை மன்னிக்க முடிகிறது, இவரை முடியவில்லை. ஏன்?

கதையில் வருபவரின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டீர்கள். அவர் இரவில் எப்படிப் புரண்டார், யாரை நினைத்து அழுதார் என்று எழுத்தாளர் எல்லாவற்றையும் உங்கள் முன் வைத்துவிட்டார். உங்கள் வழிகாட்டி அப்படி எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் அவருடையது, கேட்காமலே கழித்துவிடும் கடமை உங்களுக்கு இல்லை. செர்ஜியஸ்கூட எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சிறுவயதில் தான் ஏளனம் செய்த பாஷென்கா என்ற ஏழைப் பெண்ணின் வீட்டுக்குப் போய், தான் யார் என்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கதை அவருக்கு ஒரு வழி விடுகிறது.

இந்தக் கதைகள் மன்னிப்பதற்குப் பயிற்சி கொடுக்கும் புத்தகங்கள் அல்ல, அப்படி யாராவது உங்களை நெருக்கினால் கேட்க வேண்டாம். கிரீனின் பாதர் கடைசிவரை தன் மகளுக்காகத் தன் உயிரையும் ஆன்மாவையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார். வாசகர்கள் அவரை எப்போதோ மன்னித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிறுமி அவரை முகத்துக்கு நேரே ஏளனமாகச் சிரிக்கிறாள், அவள் அவரை மன்னித்ததாக நாவலில் எங்கும் இல்லை.